ஒரு ஜீரோ, ரெண்டு ஜீரோ: கூடலூர் கடையில் கற்றுக்கொண்ட போன் நம்பர் கணக்கு

நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டு வைத்துக் கடை நடத்துகிறேன். ஆனால் போர்டில் இல்லாத ஒரு வேலைதான் அதிகம் வருகிறது: "பாப்பா, இந்த நம்பருக்கு லைனே போகமாட்டேங்குது, என்னன்னு பாரு." கையில் ஒரு பட்டன் போன், கூடவே கசங்கிய ஒரு சீட்டு. பெரும்பாலும் போனில் ஒரு கோளாறும் இருக்காது. சீட்டில் இருக்கும் எண்ணில் ஒரு ஜீரோ அதிகமாகவோ குறைவாகவோ இருக்கும், இல்லையென்றால் எந்த நாடு என்பதே எழுதப்பட்டிருக்காது.

எங்கள் பக்கத்துக்கு இது ஏன் இவ்வளவு வருகிறது என்றால், இங்கே எல்லா வீட்டிலும் ஒருவர் வெளியே இருக்கிறார். 1964-ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்ட பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கு அரசு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலை கொடுத்தார்கள். சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் பக்கம் லயன் வீடுகளில் இருப்பவர்கள் நிறையப் பேர் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். பாதிக் குடும்பம் இங்கே, மீதி இலங்கையில், அட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும். அப்புறம் வளைகுடாவுக்குப் போனவர்கள், கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தங்கள், ரோமில் படிக்கும் ஒரு பாதிரியார்கூட உண்டு. எல்லா நம்பரும் என் கடைக்கு வந்து போகிறது.

இந்த இடத்தில் முன்பு என் மாமனார் எஸ்டிடி பூத், அதாவது வெளியூருக்குக் காசு கொடுத்துப் பேசும் கடை, வைத்திருந்தார். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, பேசி முடித்ததும் கிர்ரென்று பில் அடிக்கும் மெஷின், இரவில் கட்டணம் குறையும் என்பதால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல் வெளியே நீளும் வரிசை. வெளிநாட்டுக்கு ஐஎஸ்டி பேச வருகிறவர்களிடம் அவர் சொல்லிவந்த ஒரு வரியைத்தான் நான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "ஒரு ஜீரோ போட்டா ஊரைத் தாண்டும், ரெண்டு ஜீரோ போட்டா நாட்டைத் தாண்டும்." இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு வெளிநாட்டு எண்ணை முழுதாக டயல் செய்யும்போது அதில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. முதலில் நாட்டை விட்டு வெளியே போகிறேன் என்று சொல்லும் குறி, இந்தியாவிலிருந்து அது 00. அடுத்து போகிற நாட்டின் குறியீடு, இலங்கைக்கு 94. அதற்கப்புறம் அந்த நாட்டுக்குள் ஊர்க் குறியீடும் வீட்டு எண்ணும். இதில் ஊர்க் குறியீட்டுக்கு முன்னால் உள்ளூர்க்காரர்கள் எழுதும் ஒற்றை ஜீரோ இருக்கிறதே, அது அந்த நாட்டுக்குள் இருப்பவர் வெளியூருக்குப் பேசப் போடுவது. நாம் வெளியிலிருந்து வருவதால் அதைப் போடக் கூடாது. அட்டன் 051 என்றால் நமக்கு அது 0094 51. நுவரெலியா 052 என்றால் 0094 52. கண்டி 081 என்றால் 0094 81. ஜீரோவோடு சேர்த்து 0094 051 என்று போடுகிறவர்கள்தான் கடைக்கு வருகிறவர்களில் பாதி.

மீதிப் பாதி, 0094 போடாமல் சீட்டில் இருப்பதை அப்படியே அடிக்கிறவர்கள். இது ஏன் இவ்வளவு குழப்புகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இலங்கை டெலிகாம் வீட்டு எண்கள் ஊர்க் குறியீட்டுக்கு அடுத்து 2-ல் தொடங்கும். அப்படியென்றால் அட்டன் எண் 0512 என்று ஆரம்பிக்கும், நுவரெலியா எண் 0522 என்று ஆரம்பிக்கும். நம் நாட்டில் 0512 கான்பூர், 0522 லக்னோ. இந்தியாவில் முதன்முதலில் 1960-ல் எஸ்டிடி இணைப்பு கொடுத்ததே கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையேதான்! நம்ம பாட்டி அட்டனில் இருக்கும் தங்கச்சிக்குப் போடுகிற கால், எக்ஸ்சேஞ்சின் கணக்கில் உத்தரப் பிரதேசத்துக்குப் போகிறது.

நல்ல வேளையாக யார் வீட்டிலும் மணி அடிக்காது. இலங்கை எண் முன்னால் உள்ள ஜீரோவோடு சேர்த்துப் பத்து இலக்கம், நம் தரைவழி எண் ஜீரோவோடு சேர்த்துப் பதினொன்று. ஆகவே ஒரு இலக்கம் குறைந்து, எண்ணைச் சரிபார்க்கவும் என்று ஒரு அம்மா மூன்று மொழியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கொழும்புக்கும் இதே கதை. கொழும்பு 011, டெல்லியும் 011. ரத்தினபுரிக்கு 045, அதோடு 2 சேர்ந்தால் 0452, நம்ம மதுரை. இதைச் சொன்னால் ரத்தினபுரிச் சொந்தக்காரர்கள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

இலங்கை மொபைலில் வேறு மாதிரி சிக்கல். 077, 071 என்று தொடங்கும் எண் ஜீரோவோடு சேர்த்துப் பத்து இலக்கம் என்பதால், பார்ப்பதற்கு நம்மூர் மொபைல் எண்போலவே இருக்கும். ஜீரோவை எடுத்தால் ஒன்பதுதான் மிஞ்சும், உடனே "ஒரு நம்பர் குறையுதே பாப்பா" என்று பயந்து ஜீரோவைத் திரும்பச் சேர்த்துவிடுவார்கள். குறையவில்லை. அவர்கள் நாட்டில் ஒன்பதுதான் முழு எண். நம் நாட்டில் பத்து, சிங்கப்பூரில் எட்டு. சிங்கப்பூரில் ஊர்க் குறியீடே கிடையாது, 65 போட்டு எட்டு இலக்கம் அடித்தால் முடிந்தது. குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் இதெல்லாமும் எட்டு இலக்கம்தான், முன்னால் ஜீரோ வைக்கும் பழக்கமும் அங்கே இல்லை. பத்து இல்லையென்றால் தப்பான எண் என்று நினைப்பதை முதலில் விட வேண்டும்.

அங்கிருந்து இங்கே பேசுகிறவர்களுக்கும் இதே ஜீரோதான் வம்பு. இலங்கையிலிருந்து நமக்கு 0091 போட வேண்டும். அவசரத்தில் ஒரு ஜீரோவை விட்டு 091 என்று போட்டால்? 091 என்பது இலங்கையில் காலி மாவட்டத்தின் குறியீடு. கூடலூருக்குப் போட்ட கால் தென்னிலங்கைக் கடற்கரைக்குப் போய் நிற்கும். நாமும் அதேபோல லண்டனுக்கு 0044 போடுவதற்குப் பதிலாக 044 போட்டால் சென்னை. மாமனார் சொன்ன ஒரு ஜீரோ, ரெண்டு ஜீரோ கணக்கு இதற்குத்தான்.

சரி, நம்ம ஊர் எண்களுக்கு வருவோம், ஏனென்றால் வெளிநாட்டில் இருப்பவருக்கு நம் எண்ணைச் சரியாகக் கொடுப்பதும் நம் பொறுப்புதான். நீலகிரி முழுக்க ஒரே குறியீடு என்று பலர் நினைக்கிறார்கள். ஊட்டிக்கும் குன்னூருக்கும் 0423, கோத்தகிரிக்கு 04266, எங்களுக்கு 04262. ஏன் சிலது நீளம், சிலது குட்டை என்று கேட்டால் அதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது: ஜீரோவை விட்டுவிட்டு ஊர்க் குறியீட்டையும் வீட்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் பத்து இலக்கம் வர வேண்டும். சென்னைக்கு 44 என்று இரண்டே இலக்கம், அதனால் வீட்டு எண் எட்டு. ஊட்டிக்கு 423, வீட்டு எண் ஏழு. கூடலூருக்கு 4262, வீட்டு எண் ஆறு. பெரிய ஊரில் போன் அதிகம் வேண்டும், அதற்கு வீட்டு எண்ணில் இடம் அதிகம் வேண்டும், ஆகவே குறியீட்டைச் சுருக்கிவிட்டார்கள். ஒரு சீட்டில் தரைவழி எண்ணைப் பார்த்ததும் நான் செய்கிற முதல் வேலை பத்து வருகிறதா என்று எண்ணுவதுதான்.

கூடலூர் மூன்று மாநிலம் சேரும் இடம் என்பதால் எங்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. நாடுகாணி தாண்டி இறங்கினால் நிலம்பூர் 04931, அந்தப் பக்கம் சுல்தான் பத்தேரி 04936, முதுமலை தாண்டிப் போனால் மைசூர் 0821. தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் 04-ல் தொடங்கும், கர்நாடகம் 08-க்குப் போய்விடும். தரைவழி எண்ணைப் பார்த்தால் ஊரைச் சொல்லிவிடலாம், மொபைலில் அது நடக்காது. 2011-ல் நாடு முழுக்க எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி வந்த பிறகு, முதல் நான்கு இலக்கத்தைப் பார்த்து எந்தக் கம்பெனி என்று சொல்வதும் போயிற்று. இன்னமும் "இது கேரளா நம்பர்" என்று அடித்துச் சொல்கிறவர்களை நான் திருத்துவதில்லை. திருத்தினால் சண்டைதான் வரும்.

இன்னொன்று, வீட்டில் தரைவழி போன் வைத்திருப்பவர்கள் மொபைலுக்குப் பேச முன்னால் 0 போட வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் வந்த விதி. மொபைலிலிருந்து மொபைலுக்கு அது தேவையில்லை. எஸ்டேட் ஆபீஸ் போனிலிருந்து கால் போகவில்லை என்று வருகிறவர்களுக்கு இன்னமும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாடு எழுதாத சீட்டுகளைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதில் ஒன்று எனக்கு மறக்கவே மறக்காது. தேவர்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். மகன் வேலைக்குப் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகிறது, அவன் போன் சுவிட்ச் ஆஃப், கூட இருக்கும் பையன் நம்பர் என்று 055-ல் தொடங்கும் பத்து இலக்கத்தை நீட்டினார். எந்த ஊர் என்று கேட்டேன். "வெளிநாடு" என்றார். எந்த வெளிநாடு? "அரபு நாடுதான்." இலங்கையில் 055 என்றால் பதுளை வீட்டு எண். ஐக்கிய அரபு அமீரகத்தில் 055 மொபைல். சவூதியிலும் 055 மொபைல். மூன்றுக்கும் ஜீரோவோடு சேர்த்து அதே பத்து இலக்கம்! எண்ணை மட்டும் வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் விசா பேப்பரின் போட்டோ அவர் மருமகள் போனில் இருந்தது, அமீரகம் என்று தெரிந்தது, 971 போட்டு ஜீரோவை எடுத்து 55 அடித்தோம், போயிற்று. மகனுடைய போன் தண்ணீரில் விழுந்திருந்ததாம், அவ்வளவுதான் விஷயம். அதற்காக அந்த அக்கா இரண்டு ராத்திரி தூங்கவில்லை. வெளிநாடு கிளம்பும் பிள்ளைகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அங்கே போய் எண் வாங்கியதும் வீட்டுக்கு அனுப்பும்போது நாட்டுக் குறியீட்டோடு அனுப்புங்கள். அமீரகம் 971, சவூதி 966, கத்தார் 974, குவைத் 965, ஓமன் 968, பஹ்ரைன் 973. இதை எழுதி என் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

எண்ணைச் சேமிக்கும்போது 00-க்குப் பதிலாக பிளஸ் குறி போடுவதுதான் நல்லது. காரணம், இந்த 00 எல்லா நாட்டிலும் 00 இல்லை. நமக்கும் இலங்கைக்கும் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் 00. அமெரிக்காவிலும் கனடாவிலும் 011, ஆஸ்திரேலியாவில் 0011. கனடாவிலிருந்து நமக்குப் பேச 011 91 போட வேண்டும், அதைச் சீட்டில் பார்த்துவிட்டு டெல்லி நம்பர் என்று நினைத்தவர்களும் உண்டு. மொபைலில் பிளஸ் போட்டால், எந்த நாட்டில் இருக்கிறோமோ அந்த நாட்டுக்கு ஏற்றதை நெட்வொர்க்கே பார்த்துக்கொள்ளும். டச் போனில் 0 பட்டனை அழுத்திப் பிடித்தால் பிளஸ் வரும். நோக்கியா மாதிரிப் பட்டன் போன்களில் நட்சத்திர பட்டனைச் சட்டென்று இரண்டு தடவை தட்ட வேண்டும், சிலதில் ஜீரோவைப் பிடித்தாலும் வரும். உள்ளூர் எண்களையும் +91 போட்டே வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு நீங்களே துபாய் போனாலும் அந்த எண்கள் அப்படியே வேலை செய்யும்.

வாட்ஸ்அப்பில் ஆள் வரவில்லை என்று வருவதும் பெரும்பாலும் இதனால்தான். இலங்கை எண்ணை 077 என்று சேமித்திருப்பார்கள், வாட்ஸ்அப் அதை இந்திய எண்ணாக எடுத்துக்கொண்டு தேடும், கிடைக்காது. +94 போட்டு ஜீரோவை எடுத்துச் சேமித்த உடனே போட்டோவோடு வந்து நிற்பார்கள். என் கடையில் மக்கள் முகம் அதிகமாக மலர்வது இந்த இடத்தில்தான். சாதாரண ஐஎஸ்டி கால் என்றால் சிம்மில் அந்த வசதி திறந்திருக்க வேண்டும், தனியாக பேலன்ஸ் வேண்டும். உள்ளூர் அன்லிமிடெட் பேக்கில் அது வராது. எண் சரியாக இருந்தும் போகவில்லையென்றால் அடுத்து பார்க்க வேண்டியது அதைத்தான்.

நாட்டுக் குறியீடுகள் எப்படி வந்தன என்று யாராவது கல்லூரிப் பிள்ளைகள் கேட்டால் மட்டும் சொல்வேன். உலகத்தை ஒன்பது மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், ஜெனீவாவில் இருக்கும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் இதைப் பார்த்துக்கொள்கிறது. 1 வட அமெரிக்கா, 2 பெரும்பாலும் ஆப்பிரிக்கா, 3-ம் 4-ம் ஐரோப்பா, 5 தென் அமெரிக்கா, 6 மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா பக்கம், 7 ரஷ்யாவும் கஜகஸ்தானும், 8 ஜப்பான், சீனா பக்கம், 9 நாமும் நம் அக்கம்பக்கமும் வளைகுடாவும். நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து ஒரு எண் பதினைந்து இலக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு நாட்டின் குறியீடு இன்னொரு நாட்டுக் குறியீட்டின் தொடக்கமாக இருக்கவும் கூடாது. 971, 973, 974 என்று இருப்பதால் வெறும் 97 என்று ஒரு நாடு கிடையாது. அதனால்தான் இடையில் இடைவெளி எதுவும் விடாமல் அடித்தாலும், நாடு எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்துவிடுகிறது.

விதிவிலக்கு இல்லாமல் எந்த விதியும் இல்லையே, ஜீரோவை எடு என்று இவ்வளவு நேரம் சொன்னேன், இத்தாலியில் எடுக்கக் கூடாது. ரோம் 06 என்றால் வெளியிலிருந்தும் +39 06 தான். பாதிரியார் தங்கியிருக்கும் விடுதி எண்ணுக்கு அவர் அம்மா ஜீரோவை எடுத்துவிட்டு அடித்துக்கொண்டிருந்தார், நான் சொல்லிக்கொடுத்த பழக்கம்தான், பாவம். ஆனால் இத்தாலி மொபைல் 3-ல் தொடங்கும், அதற்கு முன்னால் ஜீரோ கிடையாது.

பிரிட்டனில் வேறு ஒரு தொல்லை. அங்கே விசிட்டிங் கார்டில் +44 போட்டு, அடைப்புக்குறிக்குள் ஒரு 0 போட்டு, அப்புறம் 20 என்று அச்சடிப்பார்கள். உள்ளூர்க்காரன் ஜீரோவைப் போடு, வெளிநாட்டுக்காரன் விட்டுவிடு என்று அர்த்தம். அடைப்புக்குறி எதற்கு என்று தெரியாதவர் எல்லாவற்றையும் அடிப்பார், கால் போகாது. இதைப் பார்த்து இங்கே ஊட்டியில் ஹோம்ஸ்டே நடத்துகிற சிலரும் அதே மாதிரி +91-க்கு அடுத்து அடைப்புக்குறி ஜீரோ போட்டு கார்டு அடிக்கிறார்கள். வேண்டாம். +91, அப்புறம் 423, அப்புறம் ஏழு இலக்கம். யார் எங்கிருந்து அடித்தாலும் வரும்.

பிளஸ் 1 என்றால் அமெரிக்கா என்று முடிவு கட்டுவதும் தப்பு. கனடாவுக்கும் அதேதான், கரீபியன் தீவுகள் பலவற்றுக்கும் அதேதான். அடுத்த மூன்று இலக்கம்தான் இடத்தைச் சொல்லும். 416, 647, 437 என்றால் டொராண்டோ, நம் ஆட்கள் அங்கேதான் அதிகம். 212 நியூயார்க். 876 வந்தால் ஜமைக்கா. ஜமைக்காவில் உங்களுக்கு யாராவது இருந்தால் தவிர அந்த மிஸ்டு காலைத் திரும்பக் கூப்பிட வேண்டியதில்லை.

மிஸ்டு கால் விஷயம் சாதாரணமில்லை. ஒரே ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார்கள், நாம் திரும்பக் கூப்பிட்டால் ஐஎஸ்டி கட்டணம் ஓடும். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடுகளில்தான் இது வேலை செய்கிறது, ஏனென்றால் தெரியாத பிளஸ் எண் வந்தாலே மகனுக்கு என்னவோ என்று மனசு அடித்துக்கொள்ளும். 2023 மே மாதம் வாட்ஸ்அப்பில் இந்தோனேசியா 62, வியட்நாம் 84, கென்யா 254, எத்தியோப்பியா 251 என்று வரிசையாக மோசடி அழைப்புகள் வந்தது நினைவிருக்கும். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் சொந்தக்காரர் இருக்கும் நாட்டின் இரண்டு மூன்று இலக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வேறு எது வந்தாலும் பேசாமல் விடுங்கள், மகனாக இருந்தால் திரும்பக் கூப்பிடுவான். இந்த ஒன்றை மட்டும் பாட்டிகள் அழகாகப் பிடித்துக்கொள்கிறார்கள். "தொண்ணூத்தி நாலு இல்லைன்னா எடுக்காதே" என்று பேரனுக்கே சொல்கிறார்கள்.

ஆனால் +91 என்று தெரிந்தால் அது இந்தியாவிலிருந்துதான் வருகிறது என்றும் நம்ப முடியாது. வெளியிலிருந்து பேசிக்கொண்டு இந்திய எண் மாதிரித் திரையில் காட்ட முடியும். அதைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது, இருந்தாலும் போலீஸ் பேசுகிறேன், பார்சல் மாட்டிக்கொண்டது என்று யாராவது சொன்னால் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள்.

கடைசியாக, ஆன்லைன் விண்ணப்பத்தில் எண் போடுவது. நாட்டைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் ஏற்கெனவே +91 இருக்கும், அடுத்த பெட்டியில் மறுபடியும் 91 போடுகிறார்கள், அல்லது முன்னால் 0 போடுகிறார்கள், ஓடிபி வராது, சர்வர் சரியில்லை என்று திட்டு. வெறும் பத்து இலக்கம் போதும். பட்டியலில் தேடும்போது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் என்று ஒன்று மேலே வந்து நிற்கும், அதன் குறியீடு 246. அவசரத்தில் அதைத் தட்டிவிட்டு ஓடிபிக்காகக் காத்திருக்கிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். நாட்டின் பெயரைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். இன்னொன்று, விண்ணப்பத்தில் உதவிக்கு என்று 1800-ல் தொடங்கும் இலவச எண் கொடுத்திருந்தால், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் அதைக் கொடுத்துப் பேசச் சொல்லாதீர்கள், வெளியிலிருந்து அது பெரும்பாலும் கிடைக்காது. அதே அலுவலகத்துக்கு ஊர்க் குறியீட்டோடு ஒரு தரைவழி எண் இருக்கிறதா என்று தேடி, முன்னால் +91 சேர்த்து, ஜீரோவை எடுத்து அனுப்புங்கள்.